மலையை எடைபோடும் அறிக்கை

தேவிகாபுரத்துத் தறிகளில் பட்டோடு ஓடும் ஜரிகையைக் கவனியுங்கள். பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே அசல் ஜரிகை. அதில் வெள்ளி எவ்வளவு என்று அறிய ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். முடிவு வந்ததும் நெசவாளர் என்ன கேட்பார்? "எந்தக் கட்டிலிருந்து எடுத்தது? யார் எடுத்தார்கள்? மீதி இருக்கிறதா?" இவற்றுக்கு விடை இல்லாவிட்டால் அந்தச் சீட்டினால் பயன் இல்லை.

ஒரு மலையில் எவ்வளவு இரும்பு உள்ளது என்று கூறும் அறிக்கைக்கும் இதே கேள்விகள் உண்டு.

இங்கிருந்து தென்மேற்கே, திருவண்ணாமலைக்கு அருகில் கவுத்திமலை, வேடியப்பன்மலை என்னும் குன்றுகள் உள்ளன. அவற்றில் மாக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது அடங்கிய பாறை அடுக்குகள் இருக்கின்றன. அங்கே சுரங்கம் வெட்டும் திட்டம் எழுந்தபோது, காடும் வாழ்வும் அழியும் என்று சுற்றுப்புற மக்கள் எதிர்த்தனர். இத்தகைய வழக்குகளில் முடிவு சொல்பவர்கள் ஒவ்வொரு பாறையையும் தட்டிப் பார்க்க இயலாது. அவர்கள் முன் இருப்பது அறிக்கைதான்.

அந்த அறிக்கைக்கான அளவீடு எப்படி நடக்கிறது? இரும்புத்தாதைத் தேட முதலில் காந்தமானியைப் பயன்படுத்துவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. வெயில் ஏற ஏற, வானின் உயரத்தில் மின்னோட்டங்கள் வலுத்து, புவியின் காந்தப்புலத்தைச் சற்றே மாற்றுகின்றன. எனவே ஒரு காந்தமானியை ஒரே இடத்தில் நிறுத்திவைப்பார்கள். எடுத்துக்காட்டாக, அது காலையில் 41,000 நானோடெஸ்லாவும் நண்பகலில் 41,060-ம் காட்டுகிறது என்க. அதே நண்பகலில் மலைச்சரிவில் 41,260 கிடைத்தால், பாறையினால் வந்த மிகை 260 அன்று, 200 மட்டுமே. நேரத்தைக் குறிக்க மறந்தால் இந்தத் திருத்தத்தைச் செய்யவே முடியாது!

இன்னொரு சிக்கலும் உண்டு. மேலாக உள்ள சிறிய தாதுத்திரளும் ஆழத்தில் உள்ள பெரிய திரளும் ஏறக்குறைய ஒரே மாதிரியான அளவைக் காட்டக்கூடும். எது உண்மை என்பதைத் துளையிட்டுத்தான் அறியவேண்டும். துளையிலிருந்து உருளை வடிவில் வரும் பாறைத்துண்டைக் 'கோர்' என்பார்கள். அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்புவார்கள். மறுபாதியை ஆழத்தைக் குறித்துப் பெட்டியில் பாதுகாப்பார்கள்.

அந்த மறுபாதி எதற்கு? இந்தோனேசியாவின் புசாங் என்னுமிடத்தில் ஏராளமான பொன் இருப்பதாகப் பிரி-எக்ஸ் என்னும் கனடா நாட்டு நிறுவனம் அறிவித்தது. அங்கே பாதியைக் காக்காமல், கோர் ஏறக்குறைய முழுவதையும் அரைத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு நிறுவனமொன்று 1997-இல் புதிதாகத் துளையிட்டுப் பார்த்தது, பொன் இல்லை. மாதிரிகளில் வெளியிலிருந்து பொன் துகள்கள் கலக்கப்பட்டிருந்தன! அதனை நம்பிப் பணம் போட்டவர்கள் கோடிக்கணக்கில் இழந்தனர். பிறகு 2001-இல், தகுதியும் பொறுப்பும் உடைய வல்லுநர் இத்தகைய அறிக்கைகளுக்குப் பொறுப்பேற்கவேண்டும் என்ற விதி கனடாவில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் தேடலை ஜி-4 என்னும் மேலோட்டமான ஆய்விலிருந்து ஜி-1 என்னும் விரிவான ஆய்வு வரை நான்கு படிகளாகப் பிரித்துள்ளனர். கனிமம் உள்ளது என்பதற்கான சான்று எப்படி இருக்கவேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. படியைச் சொல்லாமல் அளவை மட்டும் சொன்னால் என்ன ஆகும்? 100 மீட்டர் நீளம், 10 மீட்டர் தடிமன், 50 மீட்டர் ஆழம் உடைய அடுக்கின் பருமன் 50,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 3.5 டன் என்றால் மொத்தம் 1,75,000 டன். ஆனால் 25 மீட்டர் வரைதான் துளையிட்டார்கள் என்றால், இதில் பாதி கண்டது, மறுபாதி ஊகம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதே நேர்மையான அறிக்கை. ஊகத்தை நம்பி வெட்டிய மலையைத் திரும்ப வைக்க முடியாது அல்லவா?

நீங்களும் இப்பழக்கத்தை இன்றே தொடங்கலாம். ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவுநேரத்தைக் குறிக்கும்போது ஓர் அளவு ஒத்துவராவிட்டால், அதனை ரப்பரால் அழிக்காதீர்கள். ஒரே கோட்டால் அடித்துவிட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். நாளை உங்கள் ஏட்டைப் பார்ப்பவர், நீங்கள் கண்டதை அப்படியே காணட்டும்.