மொட்டை மாடிக்கு ஏன் வெள்ளைப் பூச்சு?

சென்னையில், 1970-ல் உருவான குடிசை மாற்று வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளில் மேல்தளத்து வீடு ராத்திரி பத்து மணிக்கும் ஏன் புழுங்குகிறது? பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை மெதுவாகத்தான் கீழே விடுகிறது. மின்விசிறி சுழற்றுவதும் அதே அனல் காற்றைத்தான். வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சை மாடியில் அடித்தால், தளம் சூடேறுவதே குறையும். தூசியும் பாசியும் படிந்தால் பலன் போய்விடுமே என்பார்கள். குறையும்தான், கோடைக்கு முன் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி மீளும். ஏசி வாங்கலாமே? கரண்ட் பில் ஒருபுறம். அது வெளியே தள்ளும் வெப்பம் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும். இடித்துப் புதிதாகக் கட்டட்டும் என்றால், அதுவரை வரும் கோடைகளை யார் தாங்குவது? கீழ்த்தளங்களுக்கு இந்தப் பூச்சு அதிகம் உதவாது. அங்கே மேற்குச் சுவருக்கு நிழலும் எதிரெதிர் ஜன்னல்களும்தான் வேண்டும்.