உடையினுள் ஒரு கைத்துப்பாக்கி

ஐக்கிய அமெரிக்காவிலே கைத்துப்பாக்கியை உடையினுள் மறைத்துக்கொண்டு வெளியே செல்வது பலருக்கு அன்றாட வழக்கமாகும். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் கூறுகின்றது. அவ்வுரிமை வீட்டுக்கு வெளியிலும் செல்லும் என அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. சரிபாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இதற்கு அனுமதிப்பத்திரமும் வேண்டியதில்லை. ஆயினும், உடலின் எப்பகுதியில் துப்பாக்கியை வைப்பது என்பது வைத்திருப்பவரின் தீர்மானத்துக்கே விடப்பட்டுள்ளது. அத்தீர்மானம் பிழைத்தால் காயமுறுவது பெரும்பாலும் பகைவன் அல்லன். வைத்திருப்பவரோ, அவர் அருகில் நிற்பவரோதான்.

2008ஆம் ஆண்டு நவம்பரில் நியூயோர்க் நகரிலே பிளாக்சிகோ பரஸ் என்னும் புகழ்பெற்ற விளையாட்டு வீரர், தளர்ந்த காற்சட்டையின் இடுப்பிலே துப்பாக்கியைச் செருகியிருந்தார். அது காலின் வழியே நழுவியது. பிடிக்க முயன்றபோது வெடித்தது. குண்டு தொடையைத் துளைத்தது. சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்தமைக்காக அவருக்கு அடுத்த ஆண்டில் இரண்டாண்டுச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. விழும் பொருளைக் கை தாவிப் பிடிப்பது இயல்பு. அவ்வேளையில் விரல் விசையிற் படுவதும் இயல்பே.

ஆகவே, இடத்தைத் தேர்வதற்கு முன்னர் உறையைத் தேர்தல் வேண்டும். நல்ல உறை விசையை முற்றாக மூடியிருக்கும். ஓடினாலும் குனிந்தாலும் துப்பாக்கியை நழுவவிடாது. தோலுறையும் உண்டு, கடினமான பிளாஸ்டிக் உறையும் உண்டு. பழகித் தளர்ந்த தோலுறையின் விளிம்பு உள்ளே மடிந்து விசையை அழுத்தக்கூடும். இக்காலத் துப்பாக்கிகள் பலவற்றிலே பெருவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு இல்லாமையால், இது சிறு குறையன்று. உறையைத் தாங்கும் இடுப்புப்பட்டியும் உறுதியாக இருத்தல் வேண்டும்.

உடலிலுள்ள இடங்களை அமெரிக்கர் கடிகார முகத்தைக் கொண்டு குறிப்பிடுவர். தொப்புள் பன்னிரண்டு மணி. வலது இடுப்பு மூன்று மணி. முதுகின் நடு ஆறு மணி. வலக்கைப் பழக்கமுடையோர் பலர் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட இடத்தை விரும்புவர். நிற்கும்போது துப்பாக்கியின் வாய் நிலத்தையே நோக்குவது இதன் சிறப்பு. ஆயினும், குனியும்போது அதன் வடிவம் சட்டையின் மேல் தெரியலாம். மோட்டார் வாகனத்தில் அமரும்போது உறுத்தவும் கூடும்.

வயிற்றின் முன்புறத்தில் வைத்தால் எளிதில் எடுக்கலாம். பிறர் பறிப்பதையும் தடுக்கலாம். ஆனால் அமரும்போது குழல்வாய் தொடையின் பெருநாடியை நோக்கக்கூடும். முதுகின் நடுவில் வைப்பவர் பின்புறமாக விழுந்தால் முள்ளந்தண்டு தாக்குண்ணும். தோளுறை நெடுந்தூரம் வாகனம் ஓட்டுவோருக்கு வசதியானது. எனினும் கிடையாக அமைந்த தோளுறையில் குழல்வாய் பின்னால் நிற்பவரை நோக்கியிருக்கும். சட்டைப்பையில் வைப்பதாயின் அங்கும் தனி உறை வேண்டும். திறப்பு, நாணயம் எதுவும் அப்பையில் இருத்தலாகாது.

கைப்பையோ உடலை விட்டு நீங்கக்கூடியது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் ஐடஹோ மாநிலத்துக் கடையொன்றிலே, தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை தொட, அது வெடித்துத் தாய் உயிரிழந்தாள். பிள்ளைகள் உள்ள இடத்தில் கைப்பை ஏற்றதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வசதி வேறு, பாதுகாப்பு வேறு என்று எண்ணுவது தவறு. உறுத்தும் துப்பாக்கியைக் கை அடிக்கடி தொடும், இடம் மாற்றும். ஈற்றில் அது கழற்றப்பட்டு வாகன ஆசனத்திலோ கழிப்பறையிலோ வைக்கப்படும். அங்கே மறந்து விடப்பட்ட துப்பாக்கி யார் கையிலும் சேரலாம். எனவே, நாள் முழுதும் தொடாமல் இருக்கக்கூடிய இடமே நல்ல இடம். குண்டுகளை முற்றாக அகற்றி, அகற்றியதை இருமுறை சோதித்தபின், வீட்டிலே உறையோடு அணிந்து நடந்தும், அமர்ந்தும், குனிந்தும், படியேறியும் அதனைக் கண்டறியலாம்.

உறையிலிருந்து எடுப்பதிலும் பார்க்கத் திரும்ப இடுவதிலேயே கூடிய கவனம் வேண்டும். சட்டையின் விளிம்பு உறைக்குள் சிக்காதிருக்க, விரலை விசைக்கு வெளியே நீட்டி, கண்ணாற் பார்த்து, மெதுவாக இடுதல் வேண்டும். இங்கே விரைவுக்கு எவ்விதத் தேவையும் இல்லை. வீடு திரும்பியதும் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் செல்ல வேண்டும். உடலில் எங்கே வைத்தாலும், அது உடலை விட்டு நீங்கும் வேளையே பிள்ளைகளுக்கு ஆபத்தான வேளையாகும்.