காக்ளியர் கருவி வழியே இசை எப்படிக் கேட்கிறது?

செவித்திறன் இழந்தவர்களின் உட்காதில் பொருத்தப்பட்டு, பேச்சைப் புரியவைக்கும் காக்ளியர் கருவி, இசையில் ஏன் தடுமாறுகிறது? நலமான உட்காதில் ஒலியை நரம்புக்குச் சேர்க்கும் உள்மயிர்ச் செல்கள் சுமார் 3,500. கருவியிலோ பொதுவாக 12 முதல் 22 மின்முனைகள்தான். ஒரு முனையின் மின்னோட்டம் பக்கத்து நரம்புகளுக்கும் பரவுவதால் சுருதி மங்குகிறது. தாளம் மட்டும் தெளிவாகவே கேட்கிறது.

சுருதி எவ்வளவு பிடிபடுகிறது என்பதை எப்படி அளக்கிறார்கள்? இரண்டு ஸ்வரங்களை ஒலிக்கவிட்டு, “எது மேல்?” என்று கேட்பார்கள். அடுத்து, தெரிந்த பாட்டின் மெட்டை வரிகள் இல்லாமல், எல்லா ஸ்வரங்களையும் ஒரே கால அளவில் வாசிப்பார்கள். தாளத்தை வைத்துப் பாட்டைக் கண்டுபிடிப்பவர்களில் பலர் இங்கே திணறுவார்கள்.

“ரசித்தீர்களா?” என்றும் தனியாகக் கேட்டாக வேண்டும். குறைந்த மதிப்பெண் வாங்கியவரும் இசையை மனமார ரசிப்பதுண்டு. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அவருக்கு இசை எட்டாது என்று முடிவுகட்டுவது தவறு.