அந்தமான் ஆடுகளை விடாத உண்ணி: மருந்து அடித்தும் ஏன் திரும்பி வருகிறது?

'மருந்து அடிச்சாச்சு, உண்ணியெல்லாம் உதிர்ந்துடுச்சு. கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா மறுபடியும் காது நிறைய உண்ணி!' ஆடு வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. உடனே மருந்து போலி என்று முடிவுகட்டி விடுகிறோம். ஆனால் ஆட்டின் மேல் நம் கண்ணில் படுவது கொஞ்சம்தான். பெரும்பகுதி தரையில் இருக்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

அந்தமானில் ஏன் கூடுதல் சிக்கல்?

இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை ஈரம் குறைவதே இல்லை. ராஜஸ்தானில் ஒட்டகங்களைப் பிடிக்கும் ஹையலோமா உண்ணிக்கு வறட்சி பழக்கம். ஆனால் ஆடு, மாடுகளில் ஒட்டும் ஹீமாஃபைசாலிஸ், ரிப்பிசெஃபாலஸ் வகைகளில் பலவற்றின் முட்டையும் குஞ்சும் காய்ந்தால் செத்துவிடும். தென்னை, பாக்குத் தோப்பு நிழலும் சருகும் அவற்றுக்கு ஏசி ரூம் மாதிரி.

இந்தத் தீவுகளுக்கே உரிய தெரசா ஆடும் அந்தமானி ஆடும் தேசிய அளவில் பதிவான இனங்கள். இவை நலிந்தால், வெளியிலிருந்து வாங்கி ஈடுகட்ட முடியாது.

உண்ணி எப்படி வாழ்கிறது?

ரத்தம் குடித்து வீங்கிய பெண் உண்ணி கீழே விழும். சுவர் வெடிப்பிலோ சருகுக்கு அடியிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். பொரிந்து வரும் ஆறு கால் குஞ்சு புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். அந்த வழியாகப் போகும் விலங்கைத் தொற்றிக்கொள்ளும். சில வகைகள் வளர்ந்து முடிவதற்குள் மூன்று விலங்குகள் மாறும். மாட்டு உண்ணியோ ஒரே விலங்கின் மேல் சுமார் மூன்று வாரத்தில் வளர்ந்து முடிந்துவிடும். ஆக, நீங்கள் மருந்து அடித்த அன்றே அடுத்த தலைமுறை தரையில் தயாராக இருக்கிறது.

ஆட்டுக்கு என்ன ஆகும்?

முதலில் ரத்தசோகை. எடை ஏறாது, குட்டி தளர்ந்து போகும். கடித்த புண்ணில் ஈ முட்டையிட்டால் புழு வைக்கும். தைலீரியா, அனபிளாஸ்மா போன்ற ரத்த நோய்களையும் உண்ணி பரப்பும். ஆட்டின் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடற்புழுவாலும் இமை வெளுக்கும் என்பதால் நாமே முடிவெடுக்கக் கூடாது.

அப்போ மருந்தைக் கூட்டி அடிக்கலாமா?

கூடாது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மருந்துகளுக்கு அசராத மாட்டு உண்ணிகள் இந்தியாவின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளன. அளவு தப்பினால் ஆட்டுக்கு விஷம். பாலிலும் இறைச்சியிலும் மருந்து எச்சம் தங்கும். எடைக்கு ஏற்ற அளவு, எத்தனை நாளில் மறுபடி அடிப்பது, எத்தனை நாள் பாலைப் பயன்படுத்தக் கூடாது என மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னதான் செய்வது?

* மழை அதிகமான இடத்தில் பரண் கொட்டகை நல்லது. புழுக்கை கீழே விழும், ஆடு ஈரத்தில் படுக்காது. கீழே விழுவதை அடிக்கடி அள்ளுங்கள்.
* சுவர், மர வெடிப்புகளை அடையுங்கள். கொட்டகையைச் சுற்றிப் புல்லையும் சருகையும் அகற்றுங்கள்.
* ஆடு, மாடு, நாய் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சிகிச்சை கொடுங்கள். ஒன்றை விட்டால் அதிலிருந்து மறுபடி பரவும்.
* புது ஆட்டை இரண்டு, மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். காது, வாலடி, மடி, குளம்பிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். கடல் தாண்டி வரும் ஆட்டுக்கு இது இன்னும் முக்கியம்.
* உண்ணியை விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

தீவுகளில் ஆலோசனைக்குக் கால்நடை பராமரிப்புத் துறை இருக்கிறது. 1978-ல் தொடங்கப்பட்ட மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையமும் ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) இயங்குகிறது.

வேலையில் இருந்துகொண்டே ஊரில் ஆட்டுப் பண்ணை போடும் திட்டம் உங்களுக்கு இருக்கிறதா? ஆடு எத்தனை என்று கணக்குப் போடும் முன், கொட்டகைத் தரைக்குப் பணம் ஒதுக்குங்கள். உண்ணிச் செலவில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது அந்தத் தரைதான்.