முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை



"அத்தாவைப் பார்த்துக்கொள்ள நல்ல இல்லம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று எங்களிடம் வந்து கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். மகன் வளைகுடாவில் இருப்பார், மகள் சென்னையில் வாழ்க்கைப்பட்டிருப்பார். இங்கே சிங்கவரத்திலோ செஞ்சியிலோ பக்கவாதத்தில் படுத்துவிட்ட தகப்பனாரும், அவரைத் தூக்கி உட்கார வைக்கத் தெம்பில்லாத தாயாரும் மட்டும் இருப்பார்கள். இவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பெற்றோரைக் கைவிடுவது வேறு. நம்மால் முடியாத வேலையை முடிந்தவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, விடாமல் கவனிப்பது வேறு. ஒப்படைத்த பிறகும் அந்த அமானிதம் நம் பொறுப்பில்தான் இருக்கிறது.

முதலில், இல்லம் தேவைதானா என்று பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும், பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்க வழி உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். இந்த உதவியோடு சமாளிக்க முடிகிற குடும்பங்களும் உண்டு. முடியாதவர்களுக்கே மீதியை எழுதுகிறோம்.

நம் மாவட்டத்தில் நடந்தது

2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி வட்டம் குண்டலப்புலியூரில் இருந்த ஓர் ஆசிரமம் தமிழகம் முழுக்கப் பேசப்பட்டது நினைவிருக்கும். திருப்பூரிலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவரை 2021 இறுதியில் அங்கே சேர்த்திருந்தார்கள். பின்னர் பார்க்கப் போனபோது அவர் அங்கே இல்லை. இடப் பற்றாக்குறையால் பெங்களூருவில் வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே போய்க் கேட்டால், அங்கும் அவர் இல்லை. குடும்பத்தின் சார்பில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. அதன் பிறகே அதிகாரிகள் உள்ளே போய்ச் சோதனை செய்தார்கள். முறையான அனுமதி இல்லாமல் இல்லம் நடந்தது தெரிந்தது. அங்கிருந்த 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டு வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அடித்தார்கள், துன்புறுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டுகளும் எழுந்தன. விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இல்லம் பல வருடங்களாக எல்லோர் கண்ணெதிரிலும்தான் நடந்தது. "எங்கள் ஆள் எங்கே?" என்று ஒரு குடும்பம் விடாமல் கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது.

கேட்க வேண்டிய காகிதங்கள்

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டமும், அதற்கான 2009ஆம் ஆண்டு தமிழக விதிகளும் இருக்கின்றன. இவற்றின்படி முதியோர் இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதை விசாரிக்கலாம். மனநலம் பாதித்தவர்களையும் தங்கவைத்தால், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் தனியே பதிவு வேண்டும். டிரிப் ஏற்றுவது, உள்நோயாளியாக வைத்து வைத்தியம் பார்ப்பது என்று நர்ஸிங் ஹோமாகவே நடந்தால், 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் சான்று வேண்டும்.

டிரஸ்ட் பதிவுப் பத்திரத்தைக் காட்டி "எல்லாம் சரியாக இருக்கிறது" என்பார்கள். டிரஸ்ட் பதிவு வேறு, இல்லம் நடத்தும் அனுமதி வேறு. சான்றிதழில் உள்ள முகவரியும் தேதியும் எத்தனை பேருக்கு அனுமதி என்பதும் முக்கியம். 30 பேருக்கு அனுமதி வாங்கிவிட்டு 60 கட்டில் போட்டிருந்தால் அங்கே சேர்க்காதீர்கள்.

இரவில் எத்தனை பேர்?

டைல்ஸ் தரையும் புதுக் கட்டிலும் பார்த்து நாம் மயங்கிவிடுகிறோம். பெரியவரைத் திருப்பிப் படுக்க வைப்பது ஆட்களின் கைதான். ஆகவே மொத்த ஊழியர் எத்தனை என்று மட்டும் கேட்டால் போதாது. அதில் சமையல்காரர், டிரைவர், வாட்ச்மேன் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள். "பகலில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர்? இரவில் எத்தனை பேர்?" என்று பிரித்துக் கேளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் இல்லத்தில் 30 பேர் இருக்கிறார்கள். பகலில் மூன்று ஆயாக்கள், இரவில் ஒருவர், ஆளுக்கு 12 மணி நேர ஷிப்ட். மொத்தம் 48 மணி நேரம். 30ஆல் வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாளில் கிடைப்பது 1 மணி 36 நிமிடம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது எல்லாம் இதற்குள் முடிய வேண்டும். அமெரிக்க அரசு 2024இல் நர்ஸிங் ஹோம்களுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரம் என்று ஒரு விதி கொண்டு வந்தது. இல்ல நிர்வாகங்கள் எதிர்த்து வழக்குப் போட, அந்த விதி நிற்கவில்லை. இருந்தாலும் அந்தக் கணக்கு முறை நமக்கும் உதவும்.

இரவுக் கணக்கு இன்னும் கடினமானது. எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்பது பொது விதி. பத்துப் பேர் அப்படி இருந்து, ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால், ஒரு சுற்றுக்கே 100 நிமிடம் ஆகும். அடுத்த சுற்றுக்கு 20 நிமிடம்தான் மிச்சம். அதற்குள் வேறொருவர் கழிப்பறையில் விழுந்தால் அவரை யார் தூக்குவது? இந்தக் கேள்வியை நிர்வாகியிடம் நேராகவே கேளுங்கள். நல்ல இல்லம் நடத்துபவர் கோபப்பட மாட்டார்.

நர்ஸ் என்று சொல்லப்படுபவர் நர்ஸிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்றும் கேளுங்கள். ஆயாக்களிடம் "எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று பேச்சுவாக்கில் விசாரியுங்கள். எல்லோருமே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றால், ஆட்கள் அங்கே ஏன் நிலைப்பதில்லை என்று யோசியுங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாவது முறை சொல்லாமல், சாப்பாட்டு நேரத்திலோ இஷாவுக்குப் பிறகோ போங்கள். நாங்கள் பார்க்கப் போன ஓர் இல்லத்தில் ஒவ்வொரு கட்டில் அருகிலும் டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் படுத்திருந்தவர்களின் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஆளும் அங்கே இல்லை.

அறையில் மூத்திர வாடை நிற்கிறதா? நகம் வெட்டியிருக்கிறார்களா? குதிகாலிலும் இடுப்புக்குக் கீழும் புண் இருக்கிறதா? யாரையாவது கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்களா? எந்த நேரம் என்ன மாத்திரை கொடுத்தோம் என்று எழுதி வைக்கிறார்களா? மாதம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்களா? இரவில் நெஞ்சு வலித்தால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் கொண்டு போவார்கள்?

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறு சில தேவைகளும் உண்டு. ஒளு செய்ய உதவுவார்களா, முடியாதவருக்குத் தயம்மும் செய்ய வசதி உண்டா, உணவு ஹலாலா, தாய்மார்களைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண் ஊழியர்தான் வருவாரா என்று கேளுங்கள். நோன்பு நேரத்தில் சர்க்கரை நோயாளிக்கு மாத்திரையை யாரைக் கேட்டு மாற்றுவார்கள் என்பதும் தெரிய வேண்டும். வஃபாத் ஆனால் உடனே குடும்பத்துக்கும் ஜமாஅத்துக்கும் தகவல் தர வேண்டும், எங்களைக் கேட்காமல் வேறு எங்கும் மாற்றக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு ரசீது வாங்குங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பென்ஷன் ஏ.டி.எம். கார்டையும் சொத்துப் பத்திரங்களையும் இல்லத்தில் ஒப்படைக்காதீர்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்க விடாதீர்கள்.

சேர்த்த பிறகு

எந்தச் சான்றிதழையும் விடப் பெரிய பாதுகாப்பு, அந்தப் பெரியவரைத் தேடி ஆள் வருகிறது என்பது ஊழியர்களுக்குத் தெரிந்திருப்பதுதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாரம் ஒரு முறை வீடியோ காலில் முகம் பாருங்கள். ஊரில் உள்ள ஒரு சொந்தக்காரரை மாதம் இரு முறையாவது நேரில் அனுப்புங்கள். "தூங்குகிறார், பிறகு வாருங்கள்" என்ற பதில் திரும்பத் திரும்ப வந்தால், தூங்குகிற முகத்தையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏதாவது தவறாகத் தெரிந்தால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567க்கு அழையுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்திலும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். ஆளையே காணோம் என்றால் ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் காவல் நிலையம் போங்கள்.

இல்லத்தைப் பார்க்கத் தனியாகப் போகத் தயங்குபவர்கள் எங்களிடம் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், கூட வருகிறோம். அங்கே யாரும் தேடி வராத ஒரு பெரியவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தால், அவரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவோம்.