ஊசி போட்டால் காய்ச்சல் வருவது ஏன்?



"மொத ஊசிக்கே புள்ளைக்கு ராவெல்லாம் காய்ச்சலுங்க. இனி ஊசியே வேணாம்." பிள்ளை மடுவத்துக்குப் போகும்போது சில தாய்மார் எங்களிடம் இப்படிச் சொல்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தக் காய்ச்சல் எதற்காக வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும்.

நமது உடலுக்கு முதல் வேலி தோல். மூக்குச் சளி, கண்ணீர், வயிற்றிலுள்ள அமிலம் ஆகியவையும் கிருமிகளைத் தடுக்கின்றன. கவாத்துக் கத்தி பட்டு விரல் வெட்டுப்பட்டால் வேலி திறந்து விடுகிறது. உடனே இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு ஓடி வந்து கிருமிகளை விழுங்குகின்றன. காயம் சிவந்து வீங்குவது இதனால்தான். சீழில் இருப்பவை பெரும்பாலும் அந்தச் சண்டையில் செத்துப்போன வெள்ளை அணுக்களே.

இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் கிருமியை அடையாளம் கண்டு, அதற்கென்றே எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கின்றன. புதிய கிருமியென்றால் இதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து வந்துவிடலாம். ஆனால் உடல் அந்தக் கிருமியை நினைவில் வைத்துக்கொள்ளும். சின்னமுத்து ஒரு தடவை வந்தவருக்குப் பொதுவாக மறுபடி வராதது இதனால்தான்.

தடுப்பூசி செய்வதும் இதையே. பலம் குறைந்த கிருமியையோ, செத்த கிருமியையோ, அதன் ஒரு பகுதியையோ உடலுக்குக் காட்டிப் பழக்குகிறது. அப்போது சில பிள்ளைகளுக்கு லேசாகக் காய்ச்சல் வரும். வராவிட்டாலும் ஊசி வேலை செய்யும்.

ஒரு தடவை காட்டியது போதாது. அதனால்தான் ஐந்து நோய்களுக்கான ஊசியை 2, 4, 6 மாதங்களில் மூன்று தடவை போடுகிறார்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டதென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனாலும் 2023இல் அது மறுபடி பரவியது. அசட்டையாக இருந்தால் நோய் திரும்பி வரும்.

ஊசி போட்டபின் கடுங்காய்ச்சல், வலிப்பு, மூச்சுத்திணறல் வந்தாலோ, பிள்ளை விடாமல் அழுதாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். லேசான காய்ச்சலுக்கு மருந்து எவ்வளவு கொடுப்பதென்று மருத்துவ மாதுவிடம் கேளுங்கள். அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள்.

தவறிப்போன ஊசியைப் பிறகும் போடலாம். யாரும் ஏச மாட்டார்கள். அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையின் கார்டோடு வாருங்கள்.