ஏ-டிக் பற்றவைப்பு

ஏ-டிக் பற்றவைப்பு என்பது, துருப்பிடிக்காத எஃகின் மேற்பரப்பில் இளக்கித் தூளை மெல்லிய படலமாகப் பூசி, அதன்மேல் டங்ஸ்டன் மின்வில்லைச் செலுத்தி இணைக்கும் முறையாகும். பட்டறைகளில் டிக் வெல்டிங் அல்லது ஆர்கான் வெல்டிங் எனப்படும் முறையின் மேம்பட்ட வடிவம் இது. 1960-களில் உக்ரைனின் கீவ் நகரிலுள்ள பாட்டன் மின்பற்றவைப்பு நிறுவனத்தில் உருவானது. இந்தியாவில் இம்முறையை ஆராயும் இடங்களுள் கல்பாக்கமும் திருச்சிராப்பள்ளியும் அடங்கும்.

தேவை

டிக் முறையில் கிடைக்கும் இணைப்பு தூய்மையானது. ஆனால் ஆழம் குறைவு. துருப்பிடிக்காத எஃகில் ஒரே ஓட்டத்தில் சுமார் 3 மி.மீ. ஆழமே உருகும். அதைவிடத் தடித்த தகடுகளில் விளிம்பை ‘வி’ வடிவில் சீவி, நிரப்புக் கம்பி கொடுத்துப் பல ஓட்டங்களில் பற்றவைக்க வேண்டும். இதனால் நேரமும் செலவும் கூடும். திரும்பத் திரும்பச் சூடேறுவதால் தகடு கோணவும் செய்யும். ஏ-டிக் முறையில் விளிம்பைச் சீவாமலும் கம்பி இல்லாமலும் ஒரே ஓட்டத்தில் 8 முதல் 10 மி.மீ. வரை ஊடுருவ முடியும்.

செயல்படும் விதம்

சிலிக்கா, டைட்டானியம் டை ஆக்சைடு, குரோமியம் ஆக்சைடு போன்ற தூள்களை அசிட்டோனில் குழைத்துத் தூரிகையால் பூசுவர். அசிட்டோன் ஆவியானதும் தூள் தகட்டில் ஒட்டி நிற்கும்.

உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை பொதுவாக வெப்பம் கூடக் குறையும். எனவே சூடான நடுப்பகுதியிலிருந்து உலோகம் விளிம்பை நோக்கி ஓடுகிறது. உருகிய பகுதி அகலமாகவும் ஆழமின்றியும் அமைகிறது. இளக்கியிலிருந்து வரும் ஆக்சிசன் உலோகத்தில் கரையும்போது இந்நிலை மாறுகிறது. வெப்பம் கூட இழுவிசையும் கூடுவதால், ஓட்டம் விளிம்பிலிருந்து நடுவுக்குத் திரும்பி, வெப்பத்தைக் கீழே கொண்டுசெல்கிறது. இது மாரங்கோனி ஓட்டத்தின் திசைமாற்றம் எனப்படும். மின்வில் குறுகுவதும் மற்றொரு காரணமாகக் கூறப்படுகிறது. ஆக்சிசன் அளவு மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் ஆழம் குறையும். ஆகவே பூச்சின் தடிமன் முக்கியமானது.

தமிழ்நாட்டில் ஆய்வு

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், 304 எல்.என்., 316 எல்.என். வகை எஃகுகளுக்கான இளக்கிகளை உருவாக்கியுள்ளது. இவற்றுள் 316 எல்.என். அதிவேக ஈனுலையின் முக்கியக் கட்டமைப்பு உலோகமாகும்.

திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1960-களில் அமைந்தபின், திருவெறும்பூர் வட்டாரத்தில் கட்டுமானப் பட்டறைகள் பெருகின. அவ்வாலை வளாகத்தில் 1975-இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. துவாக்குடி அருகிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலிருந்தும் ஏ-டிக் குறித்த ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்துள்ளன.

வரம்புகள்

பற்றவைத்தபின் மேற்பரப்பில் தங்கும் கசடை நீக்க வேண்டும். மின்வில்லின் நீளம் சீராக இருக்க வேண்டும் என்பதால், கையால் செய்வதைவிட இயந்திரத்தால் செய்வதே பொருத்தமானது. நிரப்புக் கம்பி இல்லாததால், இணைப்பின் வேதிச்சேர்மானத்தைக் கம்பியின் மூலம் திருத்த இயலாது. குறிப்பாக இருகட்ட எஃகில் பெர்ரைட்டின் அளவு கூடிவிடக்கூடும். எனவே ஆழம் கிடைத்தால் மட்டும் போதாது. இழுவிசை, வளைவு, அரிமானச் சோதனைகளில் தேறிய பின்னரே ஓர் இளக்கியைக் கொதிகலன் அல்லது அணு உலைப் பணிக்கு ஏற்க முடியும்.